தாடாசனத்தில் எடை எங்கே விழுகிறது?

கேள்வி: வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள யோகா ஸ்டுடியோவில், யார் வேண்டுமானாலும் சேரலாம் என்று நடத்தும் பொது வகுப்புக்குப் போகிறேன். ஒவ்வொரு வகுப்பும் தாடாசனத்தில்தான் தொடங்குகிறது. வெறுமனே நிற்பதில் என்ன இருக்கிறது? ஒரு ஆசிரியர் பாதங்களைச் சேர்த்து வைக்கச் சொல்கிறார், இன்னொருவர் இடைவெளி விடச் சொல்கிறார். சில நாட்களில் நிற்கும்போதே லேசாகத் தலை சுற்றுகிறது. சரியாகத்தான் நிற்கிறேனா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்:

பல ஆண்டுகளாக ஆரம்ப நிலை வகுப்புகள் எடுத்துவருகிறேன். இந்தக் கேள்வியை மனதுக்குள் வைத்துக்கொண்டே நிற்பவர்கள் நிறையப் பேர். வாய்விட்டுக் கேட்பவர்கள் குறைவு. நீங்கள் கேட்டது நல்லது.

முதலில் நேரடியான பதில். தாடாசனத்தை வெளியிலிருந்து பார்த்தால் எல்லோரும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தெரிவார்கள். வேறுபாடு உள்ளே இருக்கிறது. உடலின் எடை பாதத்தின் எந்தப் பகுதியில் விழுகிறது, அதைத் தாங்குவது தசையா அல்லது மூட்டைச் சுற்றியுள்ள தசைநார்களா, இரண்டு கால்களும் சமமாக வேலை செய்கின்றனவா என்பதில்தான் ஆசனம் இருக்கிறது. ஆசிரியரால் உங்கள் வெளித்தோற்றத்தைப் பார்க்க முடியும். எடை எங்கே விழுகிறது என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். அதனால் வகுப்பில் பாதியைத்தான் கற்றுக்கொள்ள முடியும். மீதியை நீங்களேதான் கவனித்துக் கண்டுபிடிக்க வேண்டும். தாடாசனத்தைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரிந்த முக்கியமான விஷயம் இதுதான். மற்றதெல்லாம் இதை எப்படிச் செய்வது என்பது பற்றி.

ஆசிரியருக்கு ஆசிரியர் ஏன் மாற்றிச் சொல்கிறார்கள் என்பதற்கு வரலாற்றில் காரணம் இருக்கிறது. 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹட யோகப் பிரதீபிகை 15 ஆசனங்களை விவரிக்கிறது. அவற்றில் நின்றுகொண்டு செய்வது ஒன்றுகூட இல்லை. இன்று வகுப்புகளில் நாம் செய்யும் நின்ற நிலை ஆசனங்களின் வரிசை பெரும்பாலும் 20-ஆம் நூற்றாண்டில் உருவானது. அதில் மைசூர் அரண்மனையில் யோகசாலை நடத்திய திருமலை கிருஷ்ணமாச்சாரியாருக்குப் பெரிய பங்கு உண்டு. அவருடைய மாணவர்களில் பி.கே.எஸ். அய்யங்கார் 1966-இல் வெளியிட்ட ‘லைட் ஆன் யோகா’வில் முதலில் விவரிக்கும் ஆசனம் தாடாசனம்தான். அதில் பெருவிரல்களும் குதிகால்களும் ஒன்றையொன்று தொடும்படி பாதங்கள் சேர்ந்திருக்கும், கைகள் பக்கவாட்டில் இருக்கும். இன்னொரு மாணவரான பட்டாபி ஜோயிஸின் அஷ்டாங்க முறையில் இதே நிலையைச் சமஸ்திதி என்பார்கள். ஆனால் சர்வதேச யோகா தினத்துக்காக இந்திய ஆயுஷ் அமைச்சகம் வெளியிட்ட பொதுப் பயிற்சி முறையில் தாடாசனம் என்றால் வேறு. விரல்களைக் கோத்து, கைகளைத் தலைக்கு மேல் நீட்டி, குதிகால்களைத் தூக்கி முன்பாதத்தில் நிற்பது. ஒரே பெயருக்கு இரண்டு உருவம். எனவே வேறு ஸ்டுடியோவுக்குப் போய் அங்கே வேறு மாதிரி சொல்லிக் கொடுத்தால் யாரோ தப்பாகச் சொல்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். அவர்கள் கற்ற வழி வேறு, அவ்வளவுதான். நான் இங்கே பேசுவது கைகளைப் பக்கவாட்டில் விட்டு, முழுப் பாதத்தையும் ஊன்றி நிற்கும் நிலையைப் பற்றி.

பாதங்களைச் சேர்ப்பதா, இடைவெளி விடுவதா? ஆரம்பத்தில் இடைவெளி விடுங்கள் என்பேன். இடுப்பு மூட்டுகளுக்கு நேர் கீழே பாதங்கள் இருந்தால் போதும். பலர் இடுப்பின் வெளி அகலத்தைக் கணக்கில் வைத்து மிகவும் அகட்டி நிற்பார்கள். மூட்டுகள் அதைவிட உள்ளே இருக்கின்றன. இரண்டு பாதங்களுக்கும் நடுவே உங்கள் ஒரு பாதத்தை நுழைக்க முடிகிற இடைவெளி பெரும்பாலானவர்களுக்குச் சரியாக இருக்கும். பாதங்களைச் சேர்த்தால் நிற்கும் பரப்பு குறுகிவிடும், சமநிலைக்கான வேலை கூடும், உள்தொடைகள் விழிப்பாகும். அதற்கென்று ஒரு பலன் இருக்கிறது. ஆனால் முட்டிகள் உள்பக்கம் இடித்துக்கொள்பவர்கள், கர்ப்பிணிகள், வயதானவர்கள், தொடைப் பகுதி பருத்தவர்கள் ஆகியோருக்குச் சேர்த்து நிற்பது உடலை முறுக்கிவிடும். அவர்கள் கடைசிவரை இடைவெளியோடே செய்தாலும் ஆசனம் எந்த விதத்திலும் குறைந்துவிடாது.

பாதங்கள் நேர்கோட்டில் இணையாக இருக்க வேண்டும் என்பதையும் கண்மூடித்தனமாகப் பிடித்துக்கொள்ள வேண்டாம். முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு பலருக்கு இயற்கையாகவே சற்று வெளிப்பக்கம் திரும்பியிருக்கும். அப்படிப்பட்டவர் பாதத்தை வலிந்து நேராக்கினால் முட்டி உள்பக்கம் திரும்பிவிடும். முட்டி எந்தத் திசையைப் பார்க்கிறது என்று பாருங்கள். அது நேர் முன்னால் பார்க்கட்டும். அதற்குப் பாதம் கொஞ்சம் வெளியே திரும்பினால் திரும்பட்டும்.

இப்போது பாதத்துக்குள் போவோம். என்னைக் கேட்டால் முதல் சில வாரங்கள் வேறு எதையும் பார்க்காமல் இதிலேயே இருந்துவிடலாம்.

ஒரு பாதத்தில் 26 எலும்புகள் இருக்கின்றன. அவை தரையில் பலகை போலப் படிவதில்லை, வளைவுகளாக நிற்கின்றன. எடையைத் தரைக்குக் கொடுக்கும் இடங்கள் முக்கியமாக மூன்று: பெருவிரலின் அடிமேடு, சுண்டுவிரலின் அடிமேடு, குதிகால். நின்றுகொண்டு கவனித்தால் இந்த மூன்றும் ஒரே அழுத்தத்தில் இல்லை என்பது உடனே தெரியும். சிலருக்குப் பெரும்பாலான எடையும் குதிகாலில் இருக்கும். சிலருக்குப் பாதத்தின் உள்விளிம்பு அமுங்கி வளைவு தட்டையாகிவிடும். சிலருக்கு வெளிவிளிம்பில். வலது பாதத்தில் ஒரு மாதிரி, இடது பாதத்தில் வேறு மாதிரி இருப்பதும் மிகச் சாதாரணம். நீங்கள் வழக்கமாகப் போடும் செருப்பைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பகுதி எங்கே அதிகம் தேய்ந்திருக்கிறது என்பது நீங்கள் நடக்கும் வழக்கத்தைக் காட்டும். நிற்கும் வழக்கமும் பெரும்பாலும் அதோடு ஒத்துப்போகும்.

எடை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க எளிய வழி, அதை வேண்டுமென்றே நகர்த்திப் பார்ப்பது. கணுக்காலிலிருந்து முழு உடலையும் மெதுவாக முன்னால் சாயுங்கள். விரல்கள் தரையைப் பற்றிக்கொள்ளத் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். பிறகு பின்னால் சாயுங்கள். விரல்கள் தரையைவிட்டு எழும் இடத்தில் நிறுத்துங்கள். இந்த இரண்டு எல்லைகளுக்கும் இடையே அலைவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தால், விரல்கள் பற்றவும் வேண்டாத, எழவும் செய்யாத ஓர் இடம் கிடைக்கும். அப்புறம் இதையே இடம் வலமாகச் செய்யுங்கள். பலருக்கு அந்த நடு இடம் தாங்கள் வழக்கமாக நிற்கும் இடத்தைவிட முன்னால் இருக்கும். “கவிழ்ந்துவிடுவேன் போலிருக்கிறதே” என்பார்கள். கவிழமாட்டார்கள். நன்றாக நிற்கும் உடலில் எடை விழும் கோடு கணுக்கால் மூட்டுக்குச் சில சென்டிமீட்டர் முன்னால்தான் போகிறது. அதனால்தான் நாம் நின்றுகொண்டிருக்கும் நேரமெல்லாம் கெண்டைக்காலின் ஆழத்திலுள்ள தசை விடாமல் வேலை செய்து உடலைப் பின்னால் இழுத்துப் பிடித்திருக்கிறது.

இன்னொன்றையும் அப்போது கவனிப்பீர்கள். எவ்வளவு முயன்றாலும் உடல் அசைவற்று நிற்பதில்லை. மிக நுட்பமாக முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்கும். அது குறையல்ல. கண், உள்காதிலுள்ள சமநிலை உறுப்பு, தோலும் தசையும் மூட்டும் அனுப்பும் உணர்வு ஆகிய மூன்றையும் வைத்து மூளை நொடிக்கு நொடி திருத்திக்கொண்டே இருப்பதன் அடையாளம் அது. அதை இறுக்கி நிறுத்தப் பார்த்தால் மூச்சுதான் அடைபடும். ஆடட்டும் என்று விட்டு, அதைக் கவனித்துக்கொண்டிருங்கள்.

உள்விளிம்பு அமுங்குபவர்களுக்கு ஒரு பயிற்சி. பத்து விரல்களையும் தரையிலிருந்து தூக்கி விரியுங்கள். பெருவிரல் மேலே வரும்போது உள்ளங்காலின் அடியில் ஓடும் பட்டையான திசு இழுபட்டு, வளைவு தானாக உயரும். அந்த உயரத்தை விடாமல் விரல்களை மட்டும் ஒவ்வொன்றாகக் கீழே இறக்குங்கள். முதல் நாளில் விரல் இறங்கியதும் வளைவும் இறங்கிவிடும். பரவாயில்லை. சில வாரங்களில் பாதத்தின் சிறு தசைகள் பிடித்துக்கொள்ளக் கற்றுக்கொள்ளும். பிறவியிலேயே தட்டைப் பாதம் உள்ளவர்கள் பெரிய வளைவை எதிர்பார்க்க வேண்டாம். அவர்களுக்கும் இந்த முயற்சியால் கணுக்கால் உள்பக்கம் சரிவது குறையும்.

இதையெல்லாம் யோகா விரிப்பை (மேட்) தள்ளி வைத்துவிட்டு வெறும் தரையில் செய்து பாருங்கள். மெத்தென்ற தடிமனான மேட் முட்டி போட்டுச் செய்யும் ஆசனங்களுக்கு நல்லது. நிற்கும்போது அது பாதத்துக்கு வரும் தகவலை மழுங்கடித்துவிடும்.

அடுத்தது முட்டி. வகுப்புகளில் நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பார்த்துத்தான். “காலை நேராக்குங்கள்” என்றதும் பலர் முட்டியைப் பின்னால் தள்ளிப் பூட்டிவிடுவார்கள். பக்கத்திலிருந்து பார்த்தால் கால் பின்னோக்கி வில்லாக வளைந்திருக்கும். மூட்டுகள் இயல்பாகவே தளர்வாக உள்ளவர்களுக்கு இது மிக எளிதில் நடக்கும். அப்படி நிற்கும்போது தொடைத் தசைகளுக்கு வேலையே இல்லை. முட்டியின் பின்புறத் தசைநார்களில் உடலைத் தொங்கவிட்டு நிற்கிறோம். அலுப்பே தெரியாது, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம் போலிருக்கும். அதே பழக்கத்தோடு, கால்களை அகட்டிப் பக்கவாட்டில் சாயும் திரிகோணாசனத்துக்குப் போனால், முன்காலின் முட்டிக்குப் பின்னால் இழுப்பும் வலியும் வரும்.

செய்ய வேண்டியது இது. முதலில் முட்டியை ஓர் இழை அளவு மடக்குங்கள். பிறகு தொடையின் முன்தசையை இறுக்கி, முட்டிச் சில்லை மேலே தூக்குங்கள். கையை வைத்துப் பார்த்தால் சில்லு ஏறுவது தெரியும். தொடை விழித்துக்கொண்ட பிறகு காலை மெல்ல நேராக்குங்கள். அப்போது கெண்டைக்காலின் மேல்பகுதி பின்னால் போகாமல் முன்னால் அழுத்துவதாக எண்ணிக்கொண்டால் முட்டி பூட்டிக்கொள்ளாது. கால் கொஞ்சம் மடங்கியிருப்பதுபோல உங்களுக்குத் தோன்றும். கண்ணாடியில் பார்த்தால் நேராகத்தான் இருக்கும். அந்த உணர்வுக்கும் உண்மைக்கும் உள்ள இடைவெளி குறையச் சில மாதங்கள்கூட ஆகலாம். முட்டிச் சில்லைத் தூக்குவது என்றால் முழுப் பலத்தோடு நெரிப்பதும் அல்ல. நூறு பங்கு பலத்தில் இருபது, முப்பது பங்கு போதும். நின்றுகொண்டே பேச முடிய வேண்டும்.

இடுப்புக்கு வந்தால், “வால் எலும்பை உள்ளே தள்ளுங்கள்” என்ற சொல்லை எல்லா வகுப்பிலும் கேட்பீர்கள். இந்தக் கட்டளை ஒரு சிலருக்குத்தான் பொருந்தும். இடுப்பு முன்னால் கவிழ்ந்து, கீழ்முதுகு அதிகமாக உள்வாங்கி, வயிறு முன்னே தள்ளி நிற்பவர்களுக்கு அது உதவும். ஏற்கனவே கீழ்முதுகு தட்டையாக இருப்பவர்கள், நாள் முழுக்க நாற்காலியில் சரிந்து உட்கார்ந்திருப்பவர்கள் இதைக் கேட்டு இன்னும் உள்ளே தள்ளினால் முதுகெலும்பின் இயல்பான வளைவு போய்விடும், பிட்டம் இறுகும், தொடை முன்னால் தள்ளிக்கொள்ளும். கீழ்முதுகில் வளைவு இருக்கத்தான் வேண்டும். நீங்கள் எந்த வகை என்று அறிய ஒரு சுவரில் முதுகைச் சாய்த்து, குதிகாலைச் சுவரிலிருந்து நான்கைந்து சென்டிமீட்டர் தள்ளி வைத்து நில்லுங்கள். பிட்டமும் மேல்முதுகும் சுவரைத் தொடட்டும். கீழ்முதுகுக்கும் சுவருக்கும் நடுவே உள்ளங்கை நுழைந்து லேசாக உரசினால் சரி. முழு முஷ்டியும் தாராளமாக நுழைந்தால் வால் எலும்பைக் கீழ்நோக்கி இறக்கும் எண்ணம் உங்களுக்கு வேண்டும். விரல்கூட நுழையவில்லை என்றால் அந்தக் கட்டளை உங்களுக்கானது அல்ல, அதை விட்டுவிடலாம். ஆசிரியர் இருபது பேருக்குப் பொதுவாகச் சொல்வதில் எது நமக்குரியது என்று பிரித்துக்கொள்வது பொது வகுப்பில் கற்க வேண்டிய திறமை.

விலா, தோள், தலை ஆகியவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் கீழே எல்லாம் அமைந்துவிட்டால் இவற்றில் பாதி தானாகச் சரியாகிவிடும். “மார்பை உயர்த்துங்கள்” என்றதும் கீழ்விலாக்கள் முன்னால் பிதுங்கினால் அது மார்பு உயர்வது அல்ல, முதுகு பின்னால் வளைவது. கீழ்விலாக்களை இடுப்பின் மேலேயே இருக்கவிட்டு, காறை எலும்புகளை இடம் வலமாக விரியுங்கள். தோள்களைப் பின்னால் இழுத்துப் பிடிக்க வேண்டாம். உள்ளங்கைகளை முன்னால் திருப்பினால் மேல்கை எலும்பு வெளிப்பக்கம் சுழன்று தோள் தானாகத் திறக்கும். பிறகு தோளை அப்படியே விட்டு, முன்கையை மட்டும் திருப்பி உள்ளங்கையைத் தொடைப் பக்கம் கொண்டுவாருங்கள். வளர்ந்தவரின் தலை ஏறக்குறைய ஐந்து கிலோ இருக்கும். திரையைப் பார்த்துப் பார்த்து அது தோளுக்கு முன்னால் போய்விட்டால் கழுத்தின் பின்தசைகள் அந்த எடையை நாள் முழுவதும் இழுத்துப் பிடிக்கின்றன. முகவாயைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தினால் காது தோளுக்கு மேலே வரும். முகவாயை மேலே தூக்கவும் வேண்டாம், தொண்டையை அடைக்கும்படி கீழே குத்தவும் வேண்டாம்.

மூச்சுதான் அளவுகோல். இவ்வளவையும் செய்துவிட்டு மூச்சு தடையில்லாமல் போய் வருகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எங்கோ அதிகமாக இறுக்கியிருக்கிறீர்கள். பெரும்பாலும் வயிறு, தாடை, அல்லது விரல் நுனிகளில். அங்கே தளர்த்துங்கள்.

இனி தலைசுற்றல். இதை லேசாக விட்டுவிடக் கூடாது, பயந்துபோகவும் வேண்டாம். எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கும் அதிகமான ரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்குகிறது. ரத்தக் குழாய்கள் சுருங்குவதாலும் இதயத் துடிப்பு கூடுவதாலும் உடல் அதை ஈடுகட்டுகிறது. கால்களிலிருந்து ரத்தத்தை மேலே ஏற்றுவதில் கெண்டைக்கால் தசைகளின் சுருக்கத்துக்கு முக்கியப் பங்கு இருக்கிறது. அசையாமல், தசைகளைப் பயன்படுத்தாமல் நிற்கும்போது அந்த ஏற்றம் குறைந்து மூளைக்குப் போகும் ரத்தம் குறையலாம். அணிவகுப்பில் நீண்ட நேரம் விறைப்பாக நிற்கும் வீரர்கள் சில சமயம் மயங்கி விழுவது இதனால்தான். புழுக்கமான அறை, வெறும் வயிறு, தண்ணீர் குறைவு, தரையில் படுத்திருந்துவிட்டுச் சட்டென்று எழுவது, மூச்சை அடக்குவது எல்லாம் இதைக் கூட்டும்.

எனவே தலை லேசாவதுபோல் தோன்றிய உடனே குதிகால்களை மாறி மாறித் தூக்கி இறக்குங்கள், தொடையை இறுக்கித் தளர்த்துங்கள். கண் இருட்டினால் தயங்காமல் உட்காருங்கள் அல்லது படுத்துக் கால்களைச் சற்று உயர்த்துங்கள். வகுப்பு நடுவில் உட்கார்ந்தால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள், விழுந்து அடிபட்டால்தான் எல்லோருக்கும் சிரமம். ஆசிரியர் நீண்ட நேரம் நிற்கச் சொன்னாலும் உங்களுக்கு அரை நிமிடம், ஒரு நிமிடம் போதும். தலைசுற்றல் அடிக்கடி வந்தாலோ, அறை சுழல்வதுபோல் இருந்தாலோ, மார்பில் படபடப்போடு வந்தாலோ மருத்துவரைப் பாருங்கள். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் ஒரு தடவை வந்தாலும் மருத்துவரிடம் சொல்லிவிடுவது நல்லது.

சரி, தனியாகச் சோதித்துப் பார்ப்பது எப்படி? சுவர்ச் சோதனையைச் சொல்லிவிட்டேன். எனக்கு மிகவும் பிடித்த இன்னொன்று, எடை பார்க்கும் கருவிகள் இரண்டை அருகருகே வைத்து ஒவ்வொரு பாதத்தை ஒவ்வொன்றில் வைத்து நிற்பது. இரண்டும் ஒரே உயரமாக இருக்க வேண்டும். இயல்பாக நின்று, நேராகப் பார்த்தபடியே வேறு ஒருவரை எண்களைப் படிக்கச் சொல்லுங்கள். நீங்களே குனிந்து பார்த்தால் எடை மாறிவிடும். பிறகு கருவிகளை இடம் மாற்றி வைத்து மீண்டும் பாருங்கள், கருவியின் பிழையா உங்கள் பழக்கமா என்று தெரிந்துவிடும். கொஞ்சம் வேறுபாடு எல்லோருக்கும் இருக்கும். தொடர்ந்து ஒரே பக்கம் நிறையச் சாய்ந்தால், பழைய காயமோ கால் நீள வேறுபாடோ பின்னால் இருக்கலாம். அதை ஒரு பிசியோதெரபிஸ்டிடம் காட்டுவது வகுப்பில் வலிந்து திருத்துவதைவிட நல்லது.

படுத்துக்கொண்டும் தாடாசனம் செய்யலாம். மல்லாந்து படுத்து, உள்ளங்கால்கள் முழுவதும் சுவரில் பதியும்படி வைத்து, நிற்பதைப் போலவே சுவரை அழுத்துங்கள். விழுந்துவிடுவோம் என்ற பயம் இல்லாததால், கால் அழுத்துவதற்கும் முதுகு நீள்வதற்கும் உள்ள தொடர்பு தெளிவாகத் தெரியும். தலைசுற்றல் உள்ளவர்களுக்கும் நீண்ட நேரம் நிற்க முடியாதவர்களுக்கும் இதையே முதன்மைப் பயிற்சியாகக் கொடுப்பேன்.

கண்ணை மூடி நிற்பது அடுத்த கட்டம். நரம்பியல் மருத்துவர்கள் சமநிலையைச் சோதிக்கப் பயன்படுத்தும் ரோம்பெர்க் சோதனையும் ஏறக்குறைய இதுதான்: பாதங்களைச் சேர்த்து நின்று கண்ணை மூடுவது. கண் மூடியதும் ஆட்டம் கூடும். அதுவரை கண் எவ்வளவு வேலை செய்துகொண்டிருந்தது என்பது அப்போதுதான் புரியும். கைக்கெட்டும் தூரத்தில் சுவர் இருக்கும் இடத்தில் மட்டும் செய்யுங்கள். தலைசுற்றல் முழுமையாக நிற்கும்வரை நீங்கள் இதைத் தொட வேண்டாம்.

வகுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். யாரும் சேரலாம் என்ற வகுப்பில் முதல் நாள் வந்தவரும் பல வருடம் செய்தவரும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பார்கள். ஆசிரியர் ஒருவர்தான். அவர் உங்களைப் பார்க்கக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. அந்தக் குறைந்த நேரம் பயன்பட வேண்டுமென்றால் நீங்கள் கொஞ்சம் முந்திக்கொள்ள வேண்டும். பத்து நிமிடம் முன்னதாகப் போய், பழைய காயம், அறுவை சிகிச்சை, ரத்த அழுத்தம், கர்ப்பம் எதுவாக இருந்தாலும் சொல்லிவிடுங்கள். உங்கள் தலைசுற்றலையும் கட்டாயம் சொல்லுங்கள். சுவரோரமாக மேட்டைப் போடுங்கள், பிடிமானத்துக்கும் ஆகும், சோதித்துப் பார்க்கவும் ஆகும். பொதுவாக “நான் செய்வது சரியா?” என்று கேட்டால் “நன்றாக இருக்கிறது” என்ற பதில்தான் வரும். “எனக்கு எடை குதிகாலிலேயே விழுகிறது, பக்கவாட்டில் நின்று என் முட்டியைப் பார்த்துச் சொல்கிறீர்களா?” என்று கேட்டுப் பாருங்கள். ஆசிரியரின் கண் எங்கே போக வேண்டும் என்று நீங்களே காட்டிவிடுகிறீர்கள். நல்ல ஆசிரியர் இந்தக் கேள்வியை விரும்புவார்.

தொட்டுத் திருத்துவதை நீங்கள் விரும்பவில்லை என்றால் அதையும் முன்கூட்டியே சொல்லலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. தொடுவதை அனுமதித்தாலும், யாராவது உங்கள் தோளையோ இடுப்பையோ பலமாக இழுத்து நேராக்கினால் நிறுத்தச் சொல்லுங்கள். தாடாசனத்தில் வெளியிலிருந்து கொடுக்கும் பலம் எதையும் கற்றுத் தராது. முட்டிக்கு மேலே ஒரு விரலை வைத்து “இங்கே விழிப்பாக்குங்கள்” என்று காட்டினாலே போதும்.

கண்ணாடியுள்ள ஸ்டுடியோவாக இருந்தால், கண்ணாடியில் ஒரு தடவை பார்த்துவிட்டுப் பார்வையை எதிரே ஒரு புள்ளிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பக்கத்தில் நிற்பவரைப் பார்த்து நிமிர்பவர்கள் அவருடைய தோள் எங்கே இருக்கிறதோ அங்கே தங்கள் தோளைக் கொண்டுபோகப் பார்க்கிறார்கள். அவருடைய முதுகெலும்பு அவருக்கு, உங்களுடையது உங்களுக்கு.

வகுப்பில் தாடாசனம் உண்மையில் அதிகம் பயன்படுவது தொடக்கத்தில் அல்ல, நடுவில்தான். வீரபத்ராசனத்தையோ திரிகோணாசனத்தையோ வலப்பக்கம் செய்து முடித்ததும் தாடாசனத்துக்குத் திரும்புவீர்கள். பெரும்பாலோர் அப்போது உடையைச் சரிசெய்வார்கள், தண்ணீர் குடிப்பார்கள். அந்த நேரத்தில் இரண்டு மூச்சு சும்மா நின்று இரண்டு கால்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு கால் நீளமாக, பாதம் அகலமாக, அந்தப் பக்க இடுப்பு லேசாகத் தோன்றும். இடப்பக்கமும் செய்த பிறகு அந்த வேறுபாடு எவ்வளவு சமமாகிறது என்று பாருங்கள். ஒவ்வொரு ஆசனமும் உங்கள் உடலில் என்ன செய்கிறது என்பதை யாரும் விளக்காமலே இதில் தெரிந்துகொள்ளலாம். ஆசிரியர் வேகமாக நகர்த்தினாலும் ஒரு மூச்சாவது எடுத்துக்கொள்ளுங்கள், ஓர் ஆசனம் பின்தங்கினால் ஒன்றும் குறையாது.

வீட்டில் நாளுக்கு ஐந்து நிமிடம் போதும். ஒரே மூச்சில் ஐந்து நிமிடம் நிற்காமல், ஒரு நிமிடம் நின்று, கொஞ்சம் நடந்து, மறுபடி நில்லுங்கள். ஒரு வாரம் பாதம் மட்டும், அடுத்த வாரம் பாதமும் முட்டியும் என்று சேர்த்துக்கொண்டே போங்கள். எல்லாக் கட்டளைகளையும் ஒரே நேரத்தில் நினைவில் வைத்துக்கொண்டு நிற்க யாராலும் முடியாது. பல் தேய்க்கும்போதும், வரிசையில் காத்திருக்கும்போதும் எடை எந்தக் காலில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு நடுவுக்குக் கொண்டுவரலாம். இந்தச் சிறு கவனிப்புகள் வகுப்பைவிடச் சீக்கிரம் பழக்கத்தை மாற்றுவதைப் பல மாணவர்களிடம் பார்த்திருக்கிறேன்.

மூன்று புள்ளிகளிலும் எடை தெளிவாகத் தெரிய ஆரம்பித்து, முட்டி பூட்டாமல் நிற்க வந்த பிறகு கைகளை மேலே தூக்குங்கள். கை மேலே போகும்போது கீழ்விலா பிதுங்குகிறதா, எடை குதிகாலுக்கு ஓடுகிறதா என்று பாருங்கள். இரண்டும் நடக்காத உயரம் வரைதான் இன்றைக்கு உங்கள் கை போக வேண்டிய உயரம். அது காதுக்கு முன்னாலேயே நின்றாலும் சரி. குதிகால் தூக்குவது அதற்கும் அப்புறம், முதலில் சுவரில் விரல் நுனிகளை வைத்துக்கொண்டு. தூக்கும்போது கணுக்கால் வெளிப்பக்கம் சரியாமல் பெருவிரல் மேட்டில் எடை நிற்க வேண்டும். ஒற்றைக் காலில் நிற்கும் விருக்ஷாசனத்துக்கு மாறுவதற்கு முன், பாதத்தைத் தொடையில் வைக்க அவசரப்படாமல், ஒரு குதிகாலை மட்டும் தூக்கி அந்தப் பாதத்தின் விரல்களைத் தரையிலேயே வைத்துக்கொண்டு, நிற்கும் காலின் மூன்று புள்ளிகள் அப்படியே இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் தூக்கிய பாதத்தை நிற்கும் காலின் கணுக்கால் வரை உயர்த்தலாம். அங்கே நின்று பத்து மூச்சு சீராகப் போனால் கெண்டைக்கால் வரை. பாதத்தை முட்டி மூட்டின் மீது அழுத்தி வைக்காதீர்கள். ஒன்று அதற்குக் கீழே, அல்லது அதைத் தாண்டித் தொடையில்.